ஜகதீஷ் சந்திர போஸ்: கைத்தொழில் கற்ற விஞ்ஞானி

தானா ராத்தா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், விடுமுறை நாள்களில் வீட்டிலேயே ஒரு போர்க்கப்பல் கட்டி வருகிறேன். அரச மலேசியக் கடற்படையின் கே.டி. ஜெபாட் கப்பலின் மாதிரி அது. அசல் கப்பலின் நீளம் ஏறத்தாழ 106 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடும். ஒட்டுப்பலகையில் விலாச் சட்டங்களை அறுத்து, மெல்லிய பால்சா மரப் பட்டைகளை அவற்றின்மேல் ஒட்டி, கண்ணாடியிழையும் பிசினும் பூசி உடலை முடித்தேன். உந்துவிசிறிக்கான பித்தளைத் தண்டைக் கடைந்து கொடுத்தவர், தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்த என் அப்பா.

கரையில் நின்று ஒரு விசையை அசைத்தால், வானொலி அலை சென்று கப்பலுக்குள் இருக்கும் ஏற்பியை எட்டுகிறது. சிறு மோட்டார் சுக்கானைத் திருப்புகிறது. இதை உலகிற்கு முதலில் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கில், ஒரு தொட்டி நீரில் சிறு படகைக் கம்பியில்லாமல் செலுத்தினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1895இல், கல்கத்தா நகர மண்டபத்தில் ஒருவர் சுவர்களை ஊடுருவும் அலையை அனுப்பித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அவர்தாம் ஜகதீஷ் சந்திர போஸ். நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

போஸ் 1858 நவம்பர் 30இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவர். வசதி படைத்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் தம் மகனை வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பிறகே ஆங்கிலம் என்பது அவர் கொள்கை. மீனவர் மகனும் பணியாளர் மகனும் போஸின் வகுப்புத் தோழர்கள். தந்தை தொடங்கிய தொழிற்பட்டறையில் சிறுவன் கைவேலையும் பழகினான்.

பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியருக்குத் தந்த சம்பளத்தைவிடக் குறைவாகவே அவருக்குத் தர முன்வந்தனர். போஸ் வேலையை உதறவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். முடிவில் நிர்வாகம் பணிந்தது. முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்து சேர்ந்தது. அதைக்கொண்டு தந்தையின் கடன்களை அடைத்தார்.

ஆய்வுக்கென அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அறை. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். தேவையான கருவிகளை அவர்களே உருவாக்கினர். ரயில்வே கால அட்டவணை நூலின் தாள்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகி, அலையின் போக்கை ஆராயும் கருவியாக்கினார் போஸ். முறுக்கிய சணலும் அவருக்கு ஆய்வுப்பொருளே. சுருள்கம்பிகள் ஒன்றையொன்று தொடும் அழுத்தத்தை நுட்பமாகச் சரிசெய்து, அலையை உணரும் ஏற்பியை அமைத்தார். என் கப்பலுக்கான அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். போஸ் அன்றே 5 மில்லிமீட்டர் அளவிலான நுண்ணலைகளை உண்டாக்கினார்! 1897இல் இலண்டன் ராயல் நிறுவனத்தில் உரையாற்றினார்.

கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தது; அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1917இல் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். வங்காளமொழியிலேயே அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். 1937 நவம்பர் 23இல் மறைந்தார்.

நண்பர்களே, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்த நம்மில் சிலர், தமிழ்ப்பள்ளியில் படித்ததைச் சொல்லத் தயங்குகிறோம். பெற்றோர் கையால் உழைத்தவர்கள் என்பதைச் சொல்லவும் கூசுகிறோம். முன்னேற்றம் என்றால் இவ்விரண்டையும் விட்டு விலகுவது என்றே நினைக்கிறோம். போஸ் தொடங்கியதோ இவ்விரண்டிலிருந்துதான். தாய்மொழிப் பள்ளி அவர் சிந்தனையைக் குறுக்கவில்லை. பட்டறை அவர் பட்டத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை. நாளை நம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் வேளையில், பகவான் சந்திர போஸ் எடுத்த முடிவையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.