பெற்ற மகனைப் பிரிந்தவர்... உலகக் குழந்தைகளைப் படித்தவர்! யார் இந்த மரியா மாண்டிசோரி?

ஸ்கூல் அட்மிஷன் சீசன் வந்தா போதும், தெருவுக்குத் தெரு ஒரு போர்டு கண்ணில் படும். ‘மாண்டிசோரி முறையில் கற்பிக்கப்படும்’. உள்ளே போய் விசாரித்தால் ஃபீஸைச் சொல்வார்கள், யூனிஃபார்ம் பற்றிச் சொல்வார்கள். மாண்டிசோரின்னா என்னன்னு கேட்டால் மட்டும் சரியான பதில் வராது.

அது ஒரு ஸ்கூல் பிராண்ட் இல்லை, ஒரு பெண்ணின் பெயர். இத்தாலியில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் காலத்தில் நம்ம சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்த ஒரு டாக்டரின் பெயர். குழந்தை எப்படி வளருது, எப்படிக் கத்துக்குது என்ற உளவியல் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுக்க பதில் தேடியவர். ஆனால் தான் பெற்ற மகனின் குழந்தைப் பருவத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

யார் இவர்? என்னதான் கண்டுபிடித்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

பிணவறையில் தனியாகப் படித்த மாணவி

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. பெண் பிள்ளை டீச்சர் ஆனால் போதும் என்பது அவர் நினைப்பு. மகளோ இன்ஜினியர் ஆகணும் என்று 13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனசை மாற்றிக்கொண்டு மருத்துவம் பக்கம் போனார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும்போது ஒரு சிக்கல். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடலை அறுத்துப் பார்ப்பது முறையில்லை என்றார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு, மாலை நேரத்தில் தன்னந்தனியாக அந்தப் பயிற்சியைச் செய்தார். 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை, இவருக்கு முன்பே சிலர் இருந்தார்கள். இருந்தாலும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அறிவு வளர்ச்சி குறைவு என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை, பெரியவர்களோடு சேர்த்து மனநலக் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த காலம் அது. கையில் பிடித்து விளையாட ஒரு பொருள்கூட இல்லாத வெற்று அறைகள். இந்தக் குழந்தைகளுக்குத் தேவை மருந்து இல்லை, கைக்கும் கண்ணுக்கும் வேலை என்று அவர் புரிந்துகொண்டார். இடார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வுகளைத் தேடிப் படித்து, தொட்டுப் பார்த்துக் கத்துக்கும் பொருட்களைச் செய்து கொடுத்தார். அதில் சில குழந்தைகள், மற்ற பிள்ளைகள் எழுதும் அதே பொதுத் தேர்வை எழுதி பாஸ் ஆனார்கள்.

எல்லாரும் கைதட்டினார்கள். மாண்டிசோரிக்கு வேறு ஒரு சந்தேகம். இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்ய முடியும்னா, சாதாரணப் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்காங்க? அப்போ கோளாறு குழந்தையிடம் இல்லையே, சொல்லிக்கொடுக்கும் முறையில்தானே!

மறைக்கப்பட்ட மகன்

இதே காலத்தில்தான் 1898-ல் அவருக்கு மகன் பிறந்தான். பெயர் மரியோ. தந்தை, உடன் வேலை பார்த்த டாக்டர் கியூசெப்பே மாண்டெசானோ. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் செய்தால் மரியா வேலையை விட வேண்டியிருக்கும். கல்யாணம் இல்லாமல் குழந்தை என்று வெளியே தெரிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. குழந்தை ரோமுக்கு வெளியே கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். பிறகு மாண்டெசானோ வேறு ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார்.

மரியா அவ்வப்போது மகனைப் போய்ப் பார்ப்பார். வந்து போவது அம்மா என்று அவனுக்குத் தெரியாது. மகன் டீன் ஏஜை எட்டிய பிறகுதான் அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

சான் லோரென்ஸோவில் நடந்தது என்ன?

1907 ஜனவரி 6. ரோமில் சான் லோரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர்கள் குடியிருப்பு. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி, சுவரைக் கிறுக்கி, கட்டடத்தைப் பாழாக்கினார்கள். அவர்களை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்க ஆள் போடுவது ரிப்பேர் செலவைவிடக் குறைவு என்று கட்டடக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. ‘காசா டெய் பாம்பினி’, அதாவது குழந்தைகள் இல்லம் பிறந்தது இப்படித்தான்.

அங்கே அவர் பாடம் நடத்தியதைவிட உட்கார்ந்து கவனித்ததுதான் அதிகம். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தது. முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. சுற்றி இருந்தவர்களைப் பாடச் சொன்னார், குழந்தை நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார், பொருளை மடியில் இடுக்கிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தது. இப்படி 40 முறைக்கு மேல்! நிறுத்தியபோது அதன் முகத்தில் களைப்பு இல்லை, நல்லாத் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது.

இன்னொரு நாள், சத்தம் வராமல் மூக்கை எப்படிச் சிந்துவது என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். அவர்கள் கைதட்டினார்கள். மூக்கைச் சிந்து என்று திட்டியவர்கள் உண்டு, அவமானப்படுத்தாமல் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் சுயமரியாதை உண்டு என்பது அவருக்கு அன்றைக்குப் புரிந்தது.

அவர் சொன்ன உளவியல், எளிமையாக

*உறிஞ்சும் மனம்:* பிறந்ததிலிருந்து 6 வயது வரை குழந்தை முயற்சி செய்து கத்துக்குறதில்லை, சுற்றி இருப்பதை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்குது. நாம தாய்மொழியைக் கத்துக்கிட்டது அப்படித்தான்.

*உணர்திறன் காலம்:* மொழி, ஒழுங்கு, கையசைவு என ஒவ்வொன்றையும் சுலபமாகக் கற்க ஒரு பருவம் உண்டு. அது தாண்டினால் கத்துக்கலாம், ஆனால் பாடுபடணும்.

*தயார் செய்த சூழல்:* குழந்தை உயரத்துக்கு மேசை, எட்டுற தூரத்தில் அலமாரி. செய்தது தப்புன்னா பொருளே காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர் திட்ட வேண்டியதில்லை.

*பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை:* வேலை பிடித்துப்போன குழந்தைகள் மிட்டாயைக்கூட சீண்டவில்லை என்பதை அவர் பார்த்தார்.

*கலந்த வயது:* மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில். பெரியது சின்னதுக்கு உதவும், சின்னது பெரியதைப் பார்த்துக் கத்துக்கும். சேர்ந்து வாழும் பழக்கம் தனிப் பாடம் இல்லாமலே வந்துவிடும்.

முசோலினியும் அடையாறும்

அவர் மீதும் விமர்சனம் உண்டு. 1920-களில் முசோலினி அரசு அவரது பள்ளிகளுக்கு ஆதரவு தந்தபோது அதை ஏற்றுக்கொண்டார். சர்வாதிகாரியிடம் எதற்குப் போனார் என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டளைக்குப் பணியும் சிப்பாய்களாக்க நினைத்த ஆட்சிக்கும், சுயமாக யோசிக்கும் குழந்தையை விரும்பியவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1934-ல் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன, அவரும் வெளியேறினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடிக்க, 1936-ல் நெதர்லாந்து போனார்.

1939-ல் தியாசபிகல் சொசைட்டியின் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் சென்னை வந்தார். கூட மரியோவும். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரைப் போர் இங்கேயே பிடித்து வைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகத் தடை.

அந்த ஆகஸ்ட் 31, அவருக்கு 70-வது பிறந்தநாள். வைஸ்ராய் ஒரு பரிசு அனுப்பினார். மரியோ விடுதலை! அந்தத் தந்தியில் மரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். 40 வருஷம் மறைத்து வைத்த உறவை, எதிரி என்று அடைத்து வைத்த அரசு வெளிப்படையாகச் சொன்னது.

பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். அங்கே செடி, பூச்சி, கல் எல்லாவற்றையும் பாடமாக்கி, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான கல்வியை அம்மாவும் மகனும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பியவர் மீண்டும் இந்தியா வந்தார். அவரது புகழ்பெற்ற ‘உறிஞ்சும் மனம்’ நூலின் ஆங்கிலப் பதிப்பு 1949-ல் முதலில் வெளியானது அடையாறில்தான்.

1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். உயிலில் மரியோவை மகன் என்றே எழுதியிருந்தார்.

போர்டை நம்பலாமா?

‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கலாம். அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது போர்டைப் பார்க்காதீங்க, கிளாஸ் ரூமை எட்டிப் பாருங்க. பொருட்கள் குழந்தை கைக்கு எட்டுற இடத்தில் இருக்கா, பூட்டின கண்ணாடி அலமாரியில் இருக்கா? வேறு வேறு வயசுப் பிள்ளைகள் ஒண்ணா இருக்காங்களா? ஒரு குழந்தை தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது டீச்சர் இடையில் புகுந்து தொந்தரவு செய்யாமல் இருக்காரா?

மூணு வயசுக் குழந்தைக்கு ஹோம்வொர்க்கும் ரேங்க் கார்டும் கொடுக்கிற இடம் எதுவாக இருந்தாலும், அது மாண்டிசோரி சொன்ன பள்ளி இல்லை.