வானொலி சொன்ன பெயர்

கவி கா. மு. ஷெரீப் என்ற பெயரை இன்றைய மாணவிகளில் எத்தனை பேர் அறிவீர்களோ தெரியாது. ஆனால் அவர் எழுதிய ஒரு பாட்டையாவது உங்கள் உம்மும்மா அடுப்படியில் முணுமுணுக்கக் கேட்டிருப்பீர்கள். பாட்டு வாயில் தங்கிவிடும். எழுதியவர் பெயர் மறந்துபோகும். அப்படி மறக்கக் கூடாத ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது இலங்கை வானொலி. எழுபதுகளின் பிற்பகுதியில், யாழ்ப்பாணம் சோனகர் தெருவில், எனக்குப் பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். எங்கள் வானொலியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பாட்டைப் போடுவதற்கு முன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் ஆகியோரோடு பாட்டை எழுதியவரின் பெயரையும் அறிவிப்பாளர் சொல்லுவார். மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் என்று வரும் பெயர்களுக்கு நடுவே ஒருநாள் ஷெரீப் என்ற பெயர் காதில் விழுந்தது. எங்கள் தெருவில் இருக்கக்கூடிய ஒரு பெயர்! தமிழ்ப் பாட்டு எழுதுவது நம்மவர்களுக்கும் உரியதுதான் என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது.

வாப்பா தையல் வேலை செய்தவர். வானொலியில் செய்தியும் முஸ்லிம் நிகழ்ச்சியும் கேட்பார். குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் சினிமாப் பாட்டு எதற்கு என்பது அவருடைய கட்சி. உம்மாவோ பழைய பாட்டுக்கு மறுப்புச் சொல்லமாட்டா. இந்த இழுபறிக்கு நடுவில் ஷெரீபின் பாட்டுகள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ‘அன்னையின் ஆணை’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடும் தாயின் பெருமை பற்றிய பாட்டு வந்தால் வாப்பாவின் தையல் மெஷின் ஓசை நின்றுவிடும். தன் உம்மாவைச் சிறு வயதிலேயே இழந்தவர் அவர். பாட்டு முடிந்த பிறகுதான் கால் மறுபடி மெஷினை மிதிக்கும். அவர் ஒன்றும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஷெரீப் 1914ஆம் ஆண்டு தமிழகத்தின் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர்ப் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே கவிதை எழுதத் தொடங்கினார். ‘ஒளி’ என்ற பெயரில் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. பின்னர் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் பாட்டெழுதச் சேர்ந்தார். அங்கே இருந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இடம்பெற்றது. மு. கருணாநிதி என்ற இளம் எழுத்தாளரை அந்த நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். 1950இல் வெளியான ‘மந்திரிகுமாரி’ கருணாநிதியின் வசனத்தால் பேர் பெற்றது. பிற்காலத்தில் ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கருணாநிதி, தமக்குக் கைகொடுத்த ஷெரீபை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். தன் தொழிலிலேயே இன்னொருவர் வளர வழி திறந்துவிடுவதற்குப் பெரிய மனது வேண்டும்.

1955 தொடங்கிய ஐந்தாறு ஆண்டுகள் அவருடைய திரைப்பாடல்களுக்கு அறுவடைக் காலம். 1955இல் ‘டவுன் பஸ்’, 1956இல் ‘நான் பெற்ற செல்வம்’, 1957இல் ‘முதலாளி’, 1958இல் ‘அன்னையின் ஆணை’, 1960இல் ‘சிவகாமி’ என்று வரிசையாக வந்தன. ‘டவுன் பஸ்’ஸில் ஒரு பெண் சின்னப் பறவையிடம் தன் மனக்குறையைச் சொல்லுவாள். ‘முதலாளி’யில் ஓர் ஏரிக்கரையும் அதன்மேல் நடந்து போகும் பெண்ணும் கண்முன்னே வருவார்கள். ‘நான் பெற்ற செல்வம்’ பாட்டோ ஊர்வாயைப் பற்றியது. எப்படி நடந்தாலும் குறை காணும் உலகத்தைப் பார்த்து, மனிதன் அதற்காக நிலைகுலைய வேண்டியதில்லை என்ற தைரியத்தைத் தருவது.

இவற்றில் அகராதி தேட வேண்டிய சொற்கள் இல்லை. கிராமத்துப் பேச்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இலக்கணம் பிசகாமல் எழுதினார். காதலை எழுதியபோதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கக் கூச வேண்டிய சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. வாப்பாவின் கட்சிக்கும் உம்மாவின் கட்சிக்கும் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது அதனால்தான் என்று இப்போது விளங்குகிறது.

பாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. ம. பொ. சிவஞானம் தலைமை தாங்கிய தமிழரசுக் கழகத்தில் முன்னணியில் நின்று உழைத்தார். தமிழ் பேசும் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அந்தக் கழகம் போராடியது. ‘சாட்டை’, ‘தமிழ் முழக்கம்’ போன்ற பத்திரிகைகளையும் நடத்தினார். மகாபாரதத்தில் வரும் மீனவப் பெண்ணை வைத்து ‘மச்சகந்தி’ என்ற காவியம் எழுதினார். அதே கையால் உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரையும், வள்ளல் சீதக்காதியின் வரலாறும் எழுதினார். தமிழன் என்பதும் முஸ்லிம் என்பதும் அவரிடம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கவில்லை. ஒரே பாயில் அமர்ந்திருந்தன.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை எங்கள் வாழ்க்கையைத் தொடுகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். உடுத்த துணியோடு நடந்தோம். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த நாட்களில் இடம்பெயர்ந்தார்கள். வாப்பாவின் மெஷினும் வானொலிப் பெட்டியும் வீட்டோடு நின்றுவிட்டன. எங்களிற் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கு. தென்னோலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினோம்.

அந்த நாட்களில் தமிழே எங்களுக்கு அந்நியமாகிவிட்டதோ என்று சிலர் மனம் கசந்தார்கள். எனக்கும் அந்தக் கசப்பு இல்லாமலில்லை. ஆனால் பிள்ளையைத் தூங்கவைக்க வாயில் வந்தது தமிழ்ப் பாட்டுத்தான். துஆ கேட்டு அழுததும் தமிழில்தான். முகாமில் யாருடைய வானொலியிலோ ஷெரீபின் பழைய பாட்டு வந்தால், பதின்மூன்று வயதும் சோனகர் தெருவும் வாப்பா மெஷினை நிறுத்தும் கணமும் திரும்பி வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் எங்களிடமிருந்து எடுக்க முடியாதவையும் இருந்தன. அவற்றைக் காத்துவைத்தது ஒரு முஸ்லிம் எழுதிய தமிழ்.

கவி கா. மு. ஷெரீப் 1994 ஜூலை 7ஆம் திகதி காலமானார். 80 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. எவரும் அவற்றை அச்சிடலாம், எவரும் படிக்கலாம்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, நூலகத்துக்குப் போகும் மாணவிகளிடம் அவருடைய சீறாப்புராண உரையைத் தேடிப் பார்க்கச் சொல்லிவருகிறேன். சினிமாப் பாட்டு எழுதியவரா இதை எழுதினார் என்று சிலர் வியக்கிறார்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணியமான சொல்லைத் தேடிப் பழகிய மனம் எங்கே போனாலும் கண்ணியமான சொல்லையே தேடும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மகள் பாட்டு கேட்டால் உடனே அணைக்காமல், அதை எழுதியது யார் என்று ஒருமுறை கேளுங்கள். பாட்டை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும், சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று அவள் படித்துக்கொள்வாள். மாணவிகளே, இந்த மலரில் உங்கள் பெயருக்கு மேலே ஒரு கவிதை வரும்போது, அதை வாசிக்கும் எந்தச் சிறுமிக்காவது, வானொலியில் ஷெரீப் என்ற பெயரைக் கேட்டபோது எனக்குப் பட்டது போலப் படட்டும். அந்தக் கவிஞருடைய பிழைகளைப் பொறுத்து அல்லாஹ் அவருக்கு நற்பதவியை அளிப்பானாக. ஆமீன்.