எல்வுட் ஜென்சன்

எல்வுட் வெர்னன் ஜென்சன் (ஜனவரி 13, 1920 – டிசம்பர் 16, 2012) ஓர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆவார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோனுக்கு உரிய ஏற்பியை முதன்முதலில் கண்டறிந்தவர் இவர். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உயிரணுவின் உள்ளே இருக்கும் ஏற்பிப் புரதங்களுடன் இணைந்து, அவற்றின் வழியாக மரபணுக்களை இயக்குகின்றன என்ற கருத்து இவரது ஆய்வுகளிலிருந்தே வளர்ந்தது. மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களில் யாருக்கு ஹார்மோன் சார்ந்த மருத்துவம் பயன்தரும் என்பதை முன்கூட்டியே அறியும் சோதனைக்கும் இவரே வழிவகுத்தார்.

இளமையும் கல்வியும்

ஜென்சன் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள ஃபார்கோ நகரில் பிறந்தார். ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வளர்ந்தார். அங்குள்ள விட்டன்பர்க் கல்லூரியில் வேதியியல் பயின்று 1940 இல் பட்டம் பெற்றார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் ஆய்வு செய்து 1944 இல் முனைவர் பட்டம் பெற்றார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். போருக்கான நச்சு வாயுக்களைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்த இவர், அவ்வாயுக்களால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதன் பின்னரே இவரது நாட்டம் மருத்துவம் சார்ந்த வேதியியலின் பக்கம் திரும்பியது.

1946 இல் குகன்ஹைம் ஆய்வு நிதி பெற்று சுவிட்சர்லாந்து சென்றார். சூரிக் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீராய்டு வேதியியலில் பயிற்சி பெற்றார். அங்கிருந்த நாட்களில், மலையேற்றத்தில் போதிய பட்டறிவு இல்லாதபோதும், 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் மலைமீது ஏறினார். அம்மலையின் உச்சியை எட்வர்டு விம்பர் 1865 இல் முதன்முதலாக அடைந்தார். இத்தாலியப் பக்கத்திலிருந்து பலமுறை முயன்று தோற்ற விம்பர், மிகக் கடினமானது எனக் கருதப்பட்ட சுவிஸ் பக்கத்து முகட்டின் வழியே ஏறியபோது வெற்றி கண்டார். எல்லோரும் செல்லும் வழி பயனளிக்காதபோது வேறு வழியைத் தேடவேண்டும் என்பதற்கு இந்நிகழ்வை ஜென்சன் பிற்காலத்தில் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

சிகாகோவில் பணி

1947 இல் ஜென்சன் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவத் துறையில் சேர்ந்தார். அங்கு சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். முன்னிற்கும் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் ஆண்பால் ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறது என்று காட்டியவர் அவர். இதற்காக 1966 இல் நோபல் பரிசு பெற்றார். அவரது தலைமையில் 1951 இல் பென் மே புற்றுநோய் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது ஜென்சன் அதன் உறுப்பினரானார். 1969 முதல் 1982 வரை அதன் இயக்குநராகவும் இருந்தார்.

அக்காலத்துக் கருத்து

மிகச் சிறிய அளவு ஈஸ்ட்ரோஜன் கருப்பையைப் பெரிதாக வளரச் செய்கிறது என்பது 1950களில் நன்கு அறியப்பட்டிருந்தது. ஆனால் அது எவ்வாறு நிகழ்கிறது என்பது தெரியவில்லை. நொதிகளைப் பற்றிய ஆய்வு ஓங்கியிருந்த காலம் அது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் உயிரணுவில் நொதிகளால் வேதிமாற்றம் அடைகிறது என்றும், அம்மாற்றத்தின்போது வளர்ச்சிக்குத் தேவையான வேதிவினைகளைத் தூண்டுகிறது என்றும் பெரும்பாலானோர் கருதினர். திசு ஹார்மோனை என்ன செய்கிறது என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது.

ஜென்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். உடலினுள் செலுத்தப்பட்ட ஹார்மோன் எங்கே செல்கிறது, அங்கே எந்த வடிவில் தங்குகிறது என்பதை நேரடியாகப் பார்க்க விரும்பினார். இதற்கு ஒரு தடை இருந்தது. உடலில் இயல்பாக வேலை செய்யும் ஈஸ்ட்ரோஜனின் அளவு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. அதைப் பின்தொடர வேண்டுமானால் அதில் மிகுந்த கதிரியக்கம் ஏற்றப்பட வேண்டும். கார்பன்-14 இதற்குப் போதாது.

டிரிட்டியச் சோதனை

ஜென்சனும் அவருடன் பணியாற்றிய ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் கதிரியக்கமுள்ள ஐதரசனாகிய டிரிட்டியத்தை எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனுடன் இணைக்கும் கருவி ஒன்றை அமைத்தனர். இவ்வாறு குறியிடப்பட்ட ஹார்மோனைப் பருவமடையாத பெண் எலிகளுக்குச் செலுத்தினர். இரத்தம், தசை, கல்லீரல் ஆகியவற்றிலிருந்து கதிரியக்கம் விரைவில் நீங்கியது. கருப்பை, யோனி, பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி ஆகியவற்றிலோ அது பல மணி நேரம் தங்கியிருந்தது. இவை ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கி வளரும் திசுக்கள் ஆகும். மேலும், கருப்பையில் தங்கியிருந்த எஸ்ட்ரடையால் எந்த வேதிமாற்றமும் அடையாமல் அப்படியே இருந்தது. நொதிக் கருத்து சரியானால் அது மாறியிருக்க வேண்டும். எனவே ஹார்மோனைப் பற்றிப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் அத்திசுக்களில் இருக்கவேண்டும் என ஜென்சன் முடிவு செய்தார். ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் கிளாஸ்காக், ஹோக்ஸ்ட்ரா ஆகியோர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒன்றை ஆடுகளுக்குச் செலுத்தி இதையொத்த முடிவை எட்டினர். அது 1959 இல் வெளியானது.

ஜென்சன் தம் முடிவுகளை 1958 இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டு உயிர்வேதியியல் மாநாட்டில் அறிவித்தார். அவரது உரையைக் கேட்க வந்தவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களிலும் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள். அதே நேரத்தில் நொதிக் கருத்தை ஒட்டி நடந்த மற்றொரு அமர்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர்.

பின்வந்த ஆண்டுகளில் சான்றுகள் பெருகின. நாஃபாக்சிடின் என்னும் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால் கருப்பை ஹார்மோனைப் பற்றுவதும் குறைந்தது, அதன் வளர்ச்சியும் அதே அளவில் குறைந்தது. ஆர்.என்.ஏ அல்லது புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தாலோ வளர்ச்சி மட்டும் நின்றது. ஹார்மோன் வழக்கம்போல் பற்றப்பட்டது. ஆகவே ஹார்மோன் ஏற்பியுடன் இணைவதே முதற்படி, மற்றவை அதன் பின்விளைவுகள் என்பது தெளிவாயிற்று. 1966 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோர்ஸ்கி, டேவிட் டாஃப்ட் ஆகியோர் அப்பொருள் ஒரு புரதமே எனக் காட்டினர்.

ஏற்பி மரபணுவை இயக்கும் முறை

ஹார்மோன் வந்து இணைந்ததும் ஏற்பி தன் வடிவில் மாறி, உயிரணுவின் வெளிப்பகுதியிலிருந்து உட்கருவுக்குச் செல்கிறது என்னும் ஈரடுக்கு முறையை ஜென்சன் குழுவினர் 1968 இல் முன்வைத்தனர். இதன் ஒரு பகுதி பின்னர் திருத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹார்மோன் இல்லாதபோதும் பெரும்பாலும் உட்கருவிலேயே இருக்கிறது என்று 1984 இல் வெளியான ஆய்வுகள் காட்டின; அவற்றுள் ஒன்று ஜென்சனின் ஆய்வகத்தில் உருவான எதிர்ப்பான்களைப் பயன்படுத்தியதாகும். கார்ட்டிசால் ஹார்மோனின் ஏற்பியோ ஜென்சன் கூறியவாறே வெளியிலிருந்து உட்கருவுக்குள் செல்வது. ஹார்மோனால் வடிவம் மாறிய ஏற்பியே மரபணுவை இயக்குகிறது என்ற அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

இன்று அறியப்பட்டுள்ளபடி இச்செயல் பின்வரும் படிகளில் நிகழ்கிறது. ஸ்டீராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் உயிரணுச் சவ்வை எளிதில் கடந்து உள்ளே செல்கிறது. அங்கு அது ஏற்பியுடன் இணையும்போது ஏற்பியைத் தாங்கியிருந்த துணைப் புரதங்கள் விலகுகின்றன. இரண்டு ஏற்பிகள் ஒன்றுசேர்ந்து, டி.என்.ஏ.யில் தமக்கென உள்ள குறிப்பிட்ட வரிசையில் அமர்கின்றன. துத்தநாக அணுக்களால் நிலைநிறுத்தப்பட்ட இரு மடிப்புகள் ஏற்பியை டி.என்.ஏ.யில் பொருத்துகின்றன. அங்கு அமர்ந்த ஏற்பி வேறு பல புரதங்களை வரவழைக்கிறது. அவை டி.என்.ஏ.யின் இறுக்கத்தைத் தளர்த்தி, மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுவதைத் தூண்டுகின்றன. சில மரபணுக்களை ஏற்பி இவ்வாறே அடக்கவும் செய்யும். ஒரே ஹார்மோன் இரத்தத்தின் வழியே எல்லா உறுப்புகளையும் அடைந்தாலும், ஏற்பி உள்ள உறுப்புகளே அதற்கு இணங்குவதன் காரணம் இதுவேயாகும்.

மார்பகப் புற்றுநோய்

சூலகத்தை அகற்றினால் சில பெண்களின் மார்பகப் புற்றுநோய் சுருங்குகிறது என்று ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896 இல் அறிவித்திருந்தார். 1950களில் ஹக்கின்ஸ் அட்ரீனல் சுரப்பிகளையும் அகற்றும் முறையைப் புகுத்தினார். ஆனால் இவ்வறுவைகளால் பயனடைந்தோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மட்டுமே. ஏனைய இருவரும் கடுமையான அறுவையைத் தாங்கிய பின்னும் பயனின்றி, வேறு மருத்துவத்துக்குரிய காலத்தையும் இழந்தனர். அறுவைக்கு முன் இவர்களை வேறுபடுத்தி அறிய வழி இருக்கவில்லை.

பயனடைவோரின் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மிகுதியாக இருக்கவேண்டும் என ஜென்சன் எண்ணினார். யூஜின் டிசோம்பர் முதலியோருடன் சேர்ந்து, அகற்றப்பட்ட கட்டிகளில் ஏற்பியின் அளவைக் கணக்கிட்டு, முடிவுகளை 1971 இல் வெளியிட்டார். ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஹார்மோனைக் குறைக்கும் மருத்துவத்துக்கு இணங்குகின்றன என்றும், ஏற்பி இல்லாதவற்றில் பத்தில் ஒன்றுகூட இணங்குவதில்லை என்றும் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. இதனால் ஏற்பி இல்லாத பெண்கள் பயனற்ற அறுவையிலிருந்து தப்பினர்.

1970களில் பயன்பாட்டுக்கு வந்த டமாக்சிபென் என்னும் மருந்து ஏற்பியில் ஹார்மோனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மார்பகத்தில் மரபணுக்கள் தூண்டப்படுவதைத் தடுக்கிறது. இம்மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதும் ஏற்பிச் சோதனையாலேயே முடிவு செய்யப்படுகிறது. ஜென்சனின் ஆய்வகத்தில் ஜெஃப்ரி கிரீன் 1980 இல் ஏற்பியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பான்களை உருவாக்கினார். இதன்பின் சிறு திசுத் துணுக்கிலும் சோதனை செய்ய இயன்றது. இன்று கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்டவை.

பிற்காலமும் விருதுகளும்

சிகாகோவுக்குப் பின் ஜென்சன் சூரிக்கில் லுட்விக் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்திலும், பின்னர் ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளிலும் பணியாற்றினார். 2002 இல், தம் 82 ஆம் அகவையில், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1974 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979 இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதைப் பெற்றார். 2004 இல் பியர் சாம்போன், ரொனால்டு எவன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அடிப்படை மருத்துவ ஆய்வுக்கான ஆல்பர்ட் லாஸ்கர் விருதைப் பெற்றார். மற்ற இருவரும் ஏற்பிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் காட்டியவர்கள். மனிதரில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 48 ஏற்பிகள் அறியப்பட்டுள்ளன. வியன்னாவில் ஐவர் கேட்ட உரையிலிருந்து இவ்விருதுக்கு 46 ஆண்டுகள் ஆயின.

ஜென்சன் 2012 ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று சின்சினாட்டியில் நுரையீரல் அழற்சியால் காலமானார்.