என். ராஜகோபால ஐயங்கார்

என். ராஜகோபால ஐயங்கார் (பிறப்பு: டிசம்பர் 15, 1899) சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்திய உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாகப் பணியாற்றிய சட்ட அறிஞர் ஆவார். 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் இவரது அறிக்கையை அடிப்படையாகக் கொண்டது.

பின்னணி

விடுதலைக்குப் பின்னரும் 1911 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அதனைத் திருத்த 1953 இல் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வரைவு காலாவதியானது. வணிகக்குறிச் சட்டம் குறித்து 1955 இல் அறிக்கை அளித்திருந்த இவரிடம், 1957 இல் காப்புரிமைச் சட்டத்தை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது.

1959 அறிக்கை

இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவருடையவை என்றும், அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை இந்தியாவில் பயன்படுத்தப்படவே இல்லை என்றும் இவர் கண்டறிந்தார். உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்கன்றி, அதனைச் செய்யும் முறைக்கே காப்புரிமை வழங்கலாம் எனப் பரிந்துரைத்தார். 1972 இல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஒரே மருந்தை வேறு முறையில் செய்து குறைந்த விலைக்கு விற்க இந்திய நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. 2005 இல் பொருட் காப்புரிமை மீண்டும் ஏற்கப்பட்டது.

புலப்படும் தன்மை

செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை என்னும்போது, வடித்தல், படிகமாக்கல் போன்ற பிரிப்பு முறைகளில் புதுமை உள்ளதா என்பதே முதன்மையான வழக்காகிறது. துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்படும் முறை காப்புரிமை பெறாது. எடுத்துக்காட்டாக, திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவது போல, நீரை ஆவியாக்கிப் பிரிப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. காப்புரிமை அலுவலகத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இப்பணியை 2007 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் ஆற்றியது. 2021 இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டு, பணி உயர் நீதிமன்றங்களுக்கே திரும்பியது.

உச்ச நீதிமன்றமும் பின்னரும்

1960 முதல் 1964 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 1962 இல் கரக் சிங் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை இவரே எழுதினார். காவல்துறையினர் இரவில் வீடு புகுந்து கண்காணிப்பது செல்லாது என்ற அத்தீர்ப்பு, தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. இப்பிற்பகுதியை 2017 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நிராகரித்தது. 1968 முதல் 1976 வரை இவர் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார்.