கடைசி வரிசைக்கும் குரல் கொடுத்த நானிக் மோத்வானி

கல்வராயன் மலையில், மரத்துல கட்டிய குழாய் ஸ்பீக்கரில் திருவிழாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். மைக்செட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நானிக் மோத்வானி சிந்திக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கியான்சந்த் 1909-ல் சுக்கூரில் தொடங்கிய வியாபாரம்தான் பின்னாளில் பம்பாயில் சிகாகோ ரேடியோ ஆயிற்று. காந்தியடிகள், நேரு பேசிய மேடைகளில் அந்தப் பெயர் பொறித்த மைக் நின்றது. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஏழைக்கும் தலைவர் குரல் கேட்டது. 1942-ல் உஷா மேத்தா நடத்திய ரகசிய காங்கிரஸ் வானொலிக்கு உதவியதாக நானிக் கைதானார், வழக்கில் விடுதலையானார். தொழிலே போயிருக்கும் ஆபத்து அது.

இன்று பல ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்புவது டிஜிட்டல் பிராசஸர். தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்குத் தரும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். எனவே மேடைக்கு 34 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்குச் சிக்னலைப் பத்தில் ஒரு நொடி தாமதித்து அனுப்பும். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும்.

கருவிதான் மாறியிருக்கு. பின்னால நிற்கிறவனுக்கும் கேட்கணும் என்ற எண்ணம் மாறவில்லை. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கடைசி வரிசையின் அருமை எனக்குத் தெரியும்.