பி-29 விமானமும் நீலத் தண்டவாளமும்: ஒரு பொம்மைக்காரரின் வாழ்க்கை

1951ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை தகரத்தில் பி-29 விமானம் செய்து விற்றது. தரையில் உரசித் தள்ளிவிட்டால், உள்ளே சுழலும் சில்லின் வேகத்தில் தானாக ஓடும். அந்த விமானம் பெருமளவில் விற்பனையானது. அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. அதற்கு ஆறு வருடங்களுக்கு முன், 1945 மார்ச் 10ஆம் திகதி அதிகாலையில், ஏறத்தாழ 300 பி-29 விமானங்கள் அதே டோக்கியோ மீது எரிகுண்டுகளைக் கொட்டியிருந்தன. அந்த ஒரே இரவில் இறந்தவர்கள் சுமார் 1 இலட்சம் பேர்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிபிரையோ புக்காராவையோ தகரத்தில் செய்து, அதை அனுப்பியவர்களின் பிள்ளைகளுக்கே விளையாட விற்க எங்கள் ஊரில் யாருக்காவது மனம் வருமா? சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் நாங்கள். அந்தப் பொம்மையைச் செய்த மனிதர் யார் என்று தேடத் தொடங்கியது அதனால்தான்.

அவர் பெயர் எயிச்சிரோ டொமியாமா. 1903இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பொம்மைப் பட்டறையில் தொழில் பழகினார். 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் டோக்கியோவின் பெரும்பகுதியை அழித்தன. அடுத்த பெப்ரவரியில், சாம்பல் முழுதாக அள்ளி முடியாத நகரத்தில், அந்த இளைஞர் சொந்தமாகப் பொம்மைப் பட்டறை தொடங்கினார். வீடிழந்த சனம் பொம்மை வாங்குமா என்று கேட்கலாம். முகாம்களில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பொம்மை விமானங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1930களில் ஜப்பானியத் தகரப் பொம்மைகள் உலகமெங்கும் போயின. பிறகு சீனாவுடனான போர் பெருத்தது. 1938இல் உலோகத்தில் பொம்மை செய்ய அரசு தடை போட்டது. தகரமும் இரும்பும் போருக்கு. பொம்மைக்காரர்களுக்கு மிஞ்சியவை மரமும் கடதாசியும்தான். ஒரு போர் பிள்ளைகளின் கையிலிருந்து முதலில் எதைப் பறிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

போர் முடிந்த 1945இன் கடைசியில் இன்னொரு பொம்மைக்காரர், மட்சுசோ கொசுகே, அமெரிக்கப் படையினர் எறிந்த வெற்று ரின்களை வெட்டி, அவர்களுடைய ஜீப்பையே சிறிதாகச் செய்து கியோட்டோவில் விற்றார். ஜப்பானியப் பொம்மைத் தொழில் மறுபடி எழுந்த கதை என்றால் அந்த ஜீப்பைத்தான் சொல்வார்கள். நாங்கள் மீன் ரின்னில் ஓட்டை போட்டு, பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கி, ஈர்க்கால் அச்சுப் பூட்டி இழுத்துத் திரிந்த வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. எங்களுடைய வண்டிகளை யாரும் கடையில் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1947இல் ஜப்பானுக்குப் பொம்மை ஏற்றுமதி செய்ய மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது என்ற முத்திரையோடுதான் சாமான்கள் போயின. டொமியாமாவின் பி-29 வந்தது இந்தக் காலத்தின் இறுதியில். அதைச் சரணாகதி என்றும் சொல்லலாம், பிழைப்பு என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், டொலர் வேண்டும், விமானம் செய்வது அவருடைய கைக்கு வந்த வேலை. ஆனாலும் அந்தத் தகரத்தை வளைத்த தொழிலாளிகளில் எத்தனை பேர் அந்த மார்ச் இரவில் யாரை இழந்தவர்களோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவரை இன்று ஜப்பானியர்களுக்கு நினைவூட்டுவது அந்த விமானம் அல்ல, ஒரு ரயில். 1950களின் பிற்பகுதியில் தகரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடிக்கத் தொடங்கியது. 1959இல் அவருடைய நிறுவனம் நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளமும் அதன்மேல் கையால் தள்ளும் ரயிலும் கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டது. எட்டு வளைவுத் துண்டுகளைப் பூட்டினால் ஒரு வட்டம். ஜப்பானிய வீடுகளில் குடும்பமாகச் சுற்றியிருந்து சாப்பிடும் குட்டை மேசைமேல் அடங்கும் அளவு அது. பெரிய வீடும் தனி அறையும் இல்லாத பிள்ளைகளை மனதில் வைத்த அளவு.

1961இல் அந்த ரயிலுக்குள் ஒரு சின்ன மோட்டரும் பற்றரியும் பற்சக்கரங்களும் போயின. மின்சாரம் தண்டவாளத்தில் வரவில்லை, ரயிலுக்குள்ளேயே இருந்தது. அதனால் பிளாஸ்டிக் பாதையே போதும், பிள்ளை சுவிட்சைத் தட்டினால் சரி. இதுதான் பிளாரெயில். 1963இல் நிறுவனத்தின் பெயர் டொமி என்றானது.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். 1990இன் பின் குடாநாட்டுக்கு வரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் வீட்டில் மோட்டர் பூட்டிய விளையாட்டுக் கார் ஒன்று இருந்தது. அது ஓடி நான் பார்த்ததில்லை. ரயிலையும் பார்த்ததில்லை. 1990 ஜூனோடு யாழ்தேவி நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகின. பங்கருக்குள் குனிந்து இறங்கும்போது தலைக்கு மேலே இருந்த இரும்பு எதற்காகச் செய்யப்பட்டது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது நான் வளர்ந்த ஆள்.

டொமி பிறகு வளர்ந்தவர்களையும் பிடித்தது. 1970களில் டொமிக்ஸ் என்ற பெயரில் 9 மில்லிமீற்றர் பாதையில் ஓடும் ரயில்கள் வந்தன. நிஜத்தின் 150இல் ஒரு பங்கு அளவு. 20 மீற்றர் நீளப் பெட்டி 13 சென்ரிமீற்றராகச் சுருங்கும். 2000களில் டொமிரெக் என்ற துணை நிறுவனம் அதே அளவில் சேகரிப்புக்கென்றே மலிவான பெட்டிகளை விற்கத் தொடங்கியது. அவற்றில் பல, மூடப்பட்டுவிட்ட கிராமத்துப் பாதைகளில் ஒருகாலம் ஓடியவை. திறக்கும்வரை உள்ளே எந்த வண்டி என்று தெரியாது. அவை ஓடாது, பார்க்க மட்டும்தான். ஓட வேண்டுமென்றால் மோட்டர் பூட்டிய அடிச்சட்டத்தைத் தனியாக வாங்க வேண்டும்.

ஜப்பானில் படிக்கும் என் மச்சான் கொண்டுவந்த நான்கு பெட்டிகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்கு மோட்டர் பூட்டியது நானே. வேலை சிரமமில்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும். பழைய அடிப்பாகத்தை நகத்தால் நெம்பிக் கழற்றி, மோட்டர் உள்ள சட்டத்தை உடலின் நீளத்துக்கு அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். பின்னால் இழுபடும் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் சில்லை மாற்றி உலோகச் சில்லுப் போட்டு, உள்ளே கொஞ்சம் பாரம் வைக்காவிட்டால் வளைவில் தடம் புரளும். இதற்குப் பற்றரி வேண்டாம். 12 வோல்ட் தண்டவாளத்தில் வரும், சில்லு அதை எடுத்து மோட்டருக்குக் கொடுக்கும். சில்லில் தூசி பிடித்தால் நின்றுவிடும். எங்கள் ஊர்ப் புழுதிக்கு அது அடிக்கடி நடக்கிறது. யாழ்தேவியை இந்த அளவில் செய்யலாமா என்று கணக்குப் பார்த்தேன். எங்கள் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம், 150ஆல் பிரித்தால் 11க்கு மேல். 9இல் பொருந்தாது.

டொமியாமா மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நிறுவனம் மகனுக்கும் பேரனுக்கும் போய், 2006இல் தக்காரா என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்துடன் இணைந்தது. பி-29 இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்களின் கண்ணாடி அலுமாரிகளில் இருக்கிறது. நீலத் தண்டவாளத்தின் பூட்டு மட்டும் மாறவில்லை. 1959இல் வாங்கிய துண்டு ஒன்று யாரிடமாவது இருந்தால், இன்று கடையில் வாங்கும் துண்டோடு அது பொருந்தும்.