ஜீப்பில் தொடங்கி இமயமலையில் முடிந்த கதை: கிருஷ்ண மேனனிடம் நாடாளுமன்றம் கேட்ட 3 கேள்விகள்

ராணுவத்தைப் பற்றி நாடாளுமன்றம் கேட்கக்கூடிய கேள்விகளைச் சுருக்கினால் மூன்றுதான் மிஞ்சும். என்ன வாங்குகிறீர்கள், எப்படி வாங்குகிறீர்கள்? யாரை மேலே கொண்டுவருகிறீர்கள்? நாளைக்கே சண்டை வந்தால் தயாரா?

சுதந்திர இந்தியாவில் இந்த மூன்று கேள்விகளையும் அடுத்தடுத்து எதிர்கொண்டவர் வி.கே.கிருஷ்ண மேனன். முதல் இரண்டிலும் தப்பித்துவிட்டார். மூன்றாவது கேள்விக்கு 1962-ல் போர்க்களத்திலிருந்து பதில் வந்தது. அதில் அவர் பதவி போனது. நாடு பெரிய விலை கொடுத்தது. ஆனால், அந்தத் தோல்விக்கு மேனன் மட்டும்தான் காரணமா? கேள்வி கேட்ட சபை தன் வேலையைச் சரியாகச் செய்ததா? அவருடைய வாழ்க்கையைப் புரட்டினால் இதற்கும் விடை கிடைக்கும்.

யார் இந்த மேனன்?

1896 மே 3-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்தது. 1924-ல் இங்கிலாந்து போனவர், படிப்பை முடித்துவிட்டுத் திரும்பவில்லை. இந்தியாவின் விடுதலைக்காக லண்டனில் இந்தியா லீக் அமைப்பை நடத்தினார். பெலிக்கன் புத்தக வரிசையின் ஆரம்பகால ஆசிரியர்களில் ஒருவர். செயின்ட் பாங்க்ராஸ் பகுதியில் நகரசபை உறுப்பினராகவும் இருந்தார்.

சாப்பாட்டைவிட டீயில்தான் உயிர் வாழ்ந்தார் என்று சொல்லும் அளவுக்கு டீ குடிப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அபாரமான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு. நண்பர்கள் குறைவு. ஆனால் அந்தக் குறைவான பட்டியலில் ஜவாஹர்லால் நேரு இருந்தார். 1947-ல் சுதந்திரம் வந்ததும் லண்டனில் இந்திய ஹை கமிஷனர் பதவி மேனனுக்குப் போனது.

முதல் கேள்வி: ஜீப் எங்கே?

1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியது. ராணுவத்துக்கு வண்டிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 1948-ல், பழுதுபார்த்துப் புதுப்பித்த 2,000 ஜீப்புகளை வாங்க லண்டன் அலுவலகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 80 லட்சம் ரூபாய். வழக்கமான நடைமுறை பின்பற்றப்படவில்லை. பெரிய முதலீடு எதுவும் இல்லாத ஒரு சின்ன நிறுவனத்துக்கு ஆர்டர் போனது. முன்பணமும் கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அவையும் ஓட்டுவதற்கு லாயக்கில்லை என்று ராணுவம் கைவிரித்துவிட்டது.

இங்கேதான் பொதுக் கணக்குக் குழு வருகிறது. அரசு செலவழித்த பணத்தைத் தணிக்கைத் துறை பார்க்கும். அதன் அறிக்கையை எம்.பி.க்கள் அடங்கிய இந்தக் குழு ஆராயும். அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். ஜீப் விவகாரத்தை அப்படித்தான் தோண்டியெடுத்தார்கள். நடைமுறை மீறல்களை 1951-ல் பட்டியல் போட்டதோடு, உயர்மட்ட விசாரணை வேண்டும் என்றும் குழு கேட்டது.

குழுவால் அதுவரைதான் போக முடியும். அது பரிந்துரை செய்யலாம். உத்தரவு போட முடியாது. பல ஆண்டுகள் இழுத்த பிறகு, 1955 செப்டம்பர் 30-ல் உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப பந்த், இந்த விவகாரம் முடிந்துபோன ஒன்று என்று மக்களவையில் அறிவித்தார். திருப்தி இல்லை என்றால் எதிர்க்கட்சிகள் இதைத் தேர்தலில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

மேனன் பணத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார் என்று எந்த விசாரணையும் நிரூபிக்கவில்லை. அவருடைய எளிமையான வாழ்க்கையைப் பார்த்தவர்கள் பலர் அதை நம்பவும் இல்லை. ஆனால் பிரச்சினை அது மட்டும் இல்லை. ஆயுதக் கொள்முதலில் விதியை மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, பெரும்பான்மை இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற பதில் எழுதப்பட்டுவிட்டது.

மேனன் 1953-ல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போயிருந்தார். விவகாரத்துக்கு மூடுவிழா நடந்து நாலரை மாதம்கூட ஆகவில்லை. 1956 பிப்ரவரியில் இலாகா இல்லாத அமைச்சர் ஆனார். 1957 ஏப்ரலில் பாதுகாப்புத் துறையே அவர் கைக்கு வந்தது.

அவர் செய்த நல்லது

மேனனை வெறும் வில்லனாகக் காட்டினால் கதை பாதிதான். வெளிநாட்டில் வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு நாடு தன் காலில் நிற்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். டிஆர்டிஓ 1958-ல் அவர் காலத்தில்தான் உருவானது. இந்தியாவிலேயே தயாரான மாருத் போர் விமானம் 1961-ல் முதல்முறை பறந்தது. ராணுவத்துக்கு சக்திமான் லாரிகள் இங்கேயே தயாராக ஆரம்பித்தன. சைனிக் பள்ளிகளும் அவர் காலத்துத் திட்டம்தான்.

சென்னை அருகே ஆவடியில் இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் அவர் காலத்தில்தான் அடித்தளம். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் 1961-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. அதன்படி விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்தது 1965-ல்.

அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை கட்டி, ஆள் பழக்கி, ஆயுதம் வெளியே வருவதற்கு வருஷங்கள் ஆகும். அதுவரை எல்லையில் நிற்கும் சிப்பாய் கையில் என்ன இருக்கும்? இரண்டாம் உலகப் போர்க் காலத்து .303 ரைஃபிள்தான் இருந்தது. அதே நேரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி வடிக்கும் கருவிகள் தயாரானது நாடாளுமன்றத்தில் கேலிக்கும் கோபத்துக்கும் ஆளானது.

இரண்டாவது கேள்வி: யாருக்குப் பதவி உயர்வு?

1959-ல் பி.எம்.கௌல் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். நேருவுக்கும் மேனனுக்கும் நெருக்கமானவர் என்று பேசப்பட்ட அதிகாரி அவர். சீனியர்களைத் தாண்டி இந்த உயர்வு கொடுக்கப்பட்டது என்ற மனக்கசப்பு ராணுவத்தில் பரவியது. அமைச்சரின் நடத்தையால் ஏற்கெனவே வெறுத்துப்போயிருந்த தரைப்படைத் தளபதி திம்மையா, ஆகஸ்ட் 31-ல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு சமாதானம் பேச, கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் விஷயம் பத்திரிகைக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 2-ல் நேரு மக்களவையில் விளக்கம் கொடுத்தார். இது இரண்டு பேரின் சுபாவம் ஒத்துப்போகாத விவகாரம்தான் என்பது போல் பேசி முடித்தார். ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற கொள்கையை முன்னால் நிறுத்தினார். கொள்கை சரிதான். ஆனால் அந்தக் கொள்கையின் நிழலில் உண்மையான கேள்வி மறைந்துபோனது. பதவி உயர்வு எந்த அடிப்படையில் நடக்கிறது? அதைச் சோதிக்க சபையிடம் என்ன வழி இருக்கிறது?

1961-ல் திம்மையா ஓய்வு பெற்றார். தனக்குப் பிறகு தோரட் வரவேண்டும் என்று அவர் விரும்பினார். வந்தவர் தாப்பர். கௌல், ராணுவத் தலைமையகத்தில் சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃப் ஆனார்.

மூன்றாவது கேள்வி: தயாரா?

1959 எல்லைச் சூடு ஏறிய வருஷம். அக்சாய் சின் வழியாக சீனா சாலை போட்டுவிட்டது என்பதை நேரு ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்குச் சொன்னார். அதே மாதம் லோங்ஜுவில் மோதல் நடந்தது. கிழக்கே நேபா எனப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேச எல்லை ராணுவத்தின் பொறுப்பில் விடப்பட்டது.

அங்கே அனுப்பப்பட்டது 4-வது டிவிஷன். அம்பாலாவில் இருந்த படை அது. அங்கே இருந்தபோது, கௌலின் தலைமையில் அந்தப் படையின் வீரர்கள் தங்களுக்கான குடியிருப்புகளைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். சிக்கனம் என்று பாராட்டும் கிடைத்தது. சமவெளியில் சண்டை போடப் பழகிய அந்த டிவிஷன் நேராக இமயமலைக்குப் போனது.

கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட், நேபாவைப் பாதுகாக்க எவ்வளவு படை வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டார். 1960-ல் லக்னோவில் 'லால் கிலா' என்ற பெயரில் அதை ஒத்திகையும் பார்த்தார். அவர் பின்னாளில் பதிவு செய்தபடி, மேனன் அந்தத் திட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் பாதுகாப்புத் துறைக்கென்று தனி நாடாளுமன்றக் குழு கிடையாது. எம்.பி.க்கள் கையில் இருந்தது கேள்வி நேரமும் மானியக் கோரிக்கை விவாதமும். தயார்நிலை பற்றிக் கேட்டால், நாட்டின் பாதுகாப்பு கருதி சொல்ல இயலாது என்ற ஒரு வரி போதும், கதவு மூடிக்கொள்ளும்.

1961 ஏப்ரல் 11-ல் ஆச்சார்யா கிருபளானி மக்களவையில் மேனனைப் பிடித்து உலுக்கினார். ராணுவத்தில் கோஷ்டி வளர்க்கிறார், பணத்தை விரயம் செய்கிறார், சீனாவுக்கு எதிரான பாதுகாப்பை அலட்சியம் செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. இன்றைக்குப் படித்தால் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது இரண்டு அரசியல் முகாம்களின் சண்டையாகத்தான் பார்க்கப்பட்டது. மேனன் இடதுசாரி, சோவியத் ஆதரவாளர். அதனால் வலதுசாரிகள் திட்டுகிறார்கள் என்று ஆளுங்கட்சி வரிசை முடிவு கட்டிவிட்டது. திட்டியவர்களிலும் பலர், துப்பாக்கிக் கணக்கைவிட மேனனின் சித்தாந்தத்தைத்தான் அதிகம் பேசினார்கள்.

1961 டிசம்பரில் கோவா இரண்டே நாளில் விடுவிக்கப்பட்டது. ராணுவம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் பலப்பட்டது. 1962 தேர்தலில் வடக்கு பம்பாயில் கிருபளானியே மேனனை எதிர்த்து நின்றார். மேனன் 1 லட்சத்து 40 ஆயிரம் வாக்குகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜீப்பைப் பற்றித் தேர்தலில் பேசிக்கொள்ளுங்கள் என்று பந்த் சொன்னாரே, அந்தத் தேர்தலும் முடிந்தாச்சு.

பணம் கொடுக்காத சபை

இன்னொரு பக்கமும் உண்டு. ராணுவத்துக்கு வேண்டிய வெளிநாட்டுச் செலாவணியை மேனன் கேட்டபோதெல்லாம் நிதி அமைச்சகம் கையைக் கட்டியது. நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கே பணம் போதாத காலம். சீனாவுக்கு ஓர் அங்குலம்கூட விடக் கூடாது என்று முழங்கிய உறுப்பினர்களில் எத்தனை பேர், அதற்கான பட்ஜெட் எங்கே என்று கேட்டார்கள்? எல்லையில் முன்னேறிச் சின்னச் சின்னக் காவல் முகாம்களைப் போடச் சொன்ன கொள்கைக்கும், அந்த முகாம்களுக்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோக இருந்த வசதிக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைச் சபை அளந்து பார்க்கவே இல்லை.

1962: பதில் வந்தது

அக்டோபர் 20-ல் சீனப் படைகள் தாக்கின. கிழக்கே புதிதாக உருவாக்கப்பட்ட 4-வது கோர் படைக்குத் தளபதி கௌல். பெரிய போரில் படை நடத்திய அனுபவம் இல்லாதவர். குளிருக்கு ஏற்ற உடை இல்லாமல், மலையேற்றத்துக்குப் பழகாமல், குறைவான தோட்டாக்களுடன் வீரர்கள் நின்றார்கள். பல இடங்களில் கடைசி வரை போராடி மடிந்தார்கள்.

கோபம் ஆளுங்கட்சிக்குள்ளேயே வெடித்தது. அக்டோபர் 31-ல் பாதுகாப்புத் துறையை நேரு தானே எடுத்துக்கொண்டார். மேனனுக்குப் பாதுகாப்பு உற்பத்தி மட்டும் மிஞ்சியது. அதுவும் காங்கிரஸ் எம்.பி.க்களுக்குப் போதவில்லை. நேருவால் நண்பரைக் காப்பாற்ற முடியாமல்போக, நவம்பர் 7-ல் ராஜினாமா உறுதியானது. மறுநாள் நாடாளுமன்றம் கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு வாரம், 165 உறுப்பினர்கள் பேசினார்கள். இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய பக்கம் அது. ஆனால் மூன்று வருஷம் தாமதம்.

பூட்டி வைத்த அறிக்கை

தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் ப்ரூக்ஸ், பிரிகேடியர் பகத் இருவரும் நியமிக்கப்பட்டார்கள். பயிற்சி, தளவாடம், தலைமை, உடல்தகுதி என்று ராணுவத்தின் பக்கத்தை மட்டும் பார்க்கும்படி அவர்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது. அறிக்கை சபையில் வைக்கப்படவில்லை. புதிய அமைச்சர் ஒய்.பி.சவாண் 1963 செப்டம்பர் 2-ல் அதன் சாரத்தை மட்டும் வாசித்தார். மலைப்போருக்குப் பயிற்சி போதாது, தளவாடங்களில் பற்றாக்குறை, இருந்ததையும் மேலே கொண்டுபோகச் சிரமம், உயர்மட்டத் தலைமையில் குறைகள் என்பது அந்தச் சாரம். முழு அறிக்கையை எந்தக் கட்சி ஆண்டபோதும் மத்திய அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. ஒரு பகுதி 2014-ல் கசிந்ததோடு சரி.

மேனன் அதற்குப் பிறகும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். 1967-ல் காங்கிரஸ் சீட் மறுத்தது. சுயேச்சையாக நின்று தோற்றார். 1969-ல் வங்கத்தின் மிதுனாபூரிலும் 1971-ல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்து சபைக்குத் திரும்பினார். உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வாதாடினார். 1974 அக்டோபர் 6-ல் டெல்லியில் காலமானார்.

என்ன மாறியது?

1967-லிருந்து பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குப் போகும் மரபு வந்தது. 1993-ல் பாதுகாப்புத் துறைக்கென்று நிலைக்குழு அமைந்தது. பட்ஜெட், ஆள் பற்றாக்குறை, தோட்டா இருப்பு, கொள்முதல் தாமதம் எல்லாவற்றையும் மூடிய அறைக்குள் அதிகாரிகளிடம் கேட்க எம்.பி.க்களுக்கு இப்போது வழி இருக்கிறது. மேனன் காலத்தில் இல்லாதது இதுதான். ஆனாலும் இந்தக் குழுவும் பரிந்துரைதான் செய்யும்.

மேனனைச் சுற்றி நடந்த சண்டையில் எல்லோரும் அந்த மனிதரைப் பார்த்தார்கள். அவர் நல்லவரா கெட்டவரா, யாருடைய ஆள் என்று வாதாடினார்கள். எத்தனை கம்பளிக் கோட்டு இருக்கிறது என்று எண்ணச் சொல்லியிருந்தால், அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே விடை தெரிந்திருக்கும்.